கோடை ஜாடிக்குச் சாமந்தியே தலைமை ஏற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வார இணைப்பில் கோடைக்கால வீட்டு அலங்காரம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பூ ஜாடிகளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி, இந்த விஷயத்துக்கு அவ்வளவு இடம் யாரும் கொடுப்பதில்லை. ஆனால் அதில் சாமந்தியைப் பற்றி இருந்த சில வரிகள் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. சாமந்தி குளிர் தொடங்கும் காலத்துப் பூ, கோடை அலங்காரத்தில் இடைவெளியை நிரப்பத்தான் அது உதவும் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே, தண்டின் அடியைச் சுத்தியலால் நசுக்கி, பூ நிறுத்தப் பயன்படும் தண்ணீர் ஊறிய பச்சை ஃபோம் கட்டியில் செருகுங்கள் என்றும் யோசனை சொல்லியிருந்தீர்கள். இந்த மூன்றையும் நான் ஏற்கவில்லை. வெயில் காலத்தில் பார்த்ததும் மனசு லேசாகிற மாதிரி ஒரு பூ ஜாடி வேண்டும் என்றால் அதன் நடுவில் நிற்க வேண்டியது சாமந்திதான் என்பது என் கட்சி. பல வருஷமாகப் பூ அலங்காரம் செய்து வருகிற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருவத்தில் ஆரம்பிக்கிறேன். செடியை அதன் போக்கில் விட்டால் சாமந்தி இலையுதிர் காலத்தில்தான் பூக்கும், அதில் சந்தேகமில்லை. அதற்குக் காரணம் குளிர் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் செடி கணக்கு வைப்பது இரவின் நீளத்தை. பகல் சுருங்கி, இடைவிடாத இருட்டு ஓர் அளவைத் தாண்டினால்தான் அது மொட்டு வைக்கும். பகல் இரவின் நீளம் செடிகள் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று 1920-ல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு இருவரும் விளக்கி எழுதினார்கள். அந்த அறிவைக் கொண்டு பூ வளர்ப்பவர்கள் சாமந்தியின் காலண்டரையே தங்கள் கைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்: பகல் நீண்ட மாதங்களில் சாயங்காலமே கறுப்புத் துணியால் செடிகளை மூடி இரவை நீட்டுகிறார்கள், பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் நடு இரவில் விளக்கைப் போட்டு இருட்டைக் கலைக்கிறார்கள். அதனால்தான் வெட்டுப்பூவாக விற்கிற சாமந்தி வருஷம் பூராவும் வருகிறது. கோடையில் ஜாடிக்கு வருகிற சாமந்தி போன பருவத்தின் மிச்சம் இல்லை, அந்த நாளைக் குறிவைத்து வளர்த்த பூ.

சரி, கோடைக்கு ஏன் குறிப்பாக இது? தாங்குவதால். சூடு ஏற ஏறப் பூ மூச்சு விடுகிற வேகமும் ஏறும், அது சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை வேகமாகத் தீரும், ஆகவே எந்தப் பூவாக இருந்தாலும் வெயில் காலத்தில் அதன் ஆயுள் குறையத்தான் செய்யும். அப்படிக் குறைந்த பிறகும் கையில் கணிசமாக மிஞ்சுகிற பூ சாமந்தி. சுமாரான குளிர்ச்சி உள்ள அறையில் நல்ல தண்ணீரில் நின்றால் இரண்டு வாரம் சாதாரணமாக நிற்கும், மூன்று வாரம் வரைகூடப் போகும். இன்னொன்றும் இருக்கிறது. பழுக்கிற பழமும் வாடுகிற பூவும் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. கார்னேஷன், டெல்ஃபினியம் மாதிரியான பூக்கள் அது பட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். சாமந்தியின் பூ அதற்கெல்லாம் பெரிதாக அசையாது. முதலில் கெடுவது பெரும்பாலும் அதன் இலைதான், இதழ் அதற்கப்புறம்தான். இது தெரியாமல் இலை மஞ்சளானதுமே பூ முடிந்தது என்று தூக்கிப் போடுகிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். இலையை உருவிவிட்டு, தண்டைக் குட்டையாக வெட்டி வேறொரு சின்னக் கிண்ணத்தில் வையுங்கள், இன்னும் பல நாள் இருக்கும்.

வாங்கும்போது என்ன பார்ப்பது என்று உங்கள் கட்டுரையில் இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் ஒரு பூ என்று சொல்வது ஒரு பெரிய கூட்டம். வெளியே இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பூ, நடுவட்டில் நெருக்கமாக இருப்பவையும் குட்டிப் பூக்களே. மலர்வது வெளியிலிருந்து உள்நோக்கி நடக்கும். ஒற்றை அடுக்குச் சாமந்தியில் நடுவட்டு பச்சை கலந்து இறுக்கமாக இருந்தால் புதுசு, மஞ்சள் பொடி உதிர ஆரம்பித்திருந்தால் அதற்கு வயதாகிவிட்டது. ஒரு தண்டுக்கு ஒரே பூ என்று வளர்த்த பெரிய ரகங்களை நன்றாக விரிந்த நிலையில்தான் வாங்க வேண்டும், இறுகிய மொட்டாக வெட்டினால் ஜாடியில் சரியாக விரியாது. கிளைகிளையாகப் பல பூ உள்ள ஸ்பிரே ரகத்தில் உச்சிப் பூ விரிந்து, பக்கத்துப் பூக்கள் நிறம் காட்டியிருந்தால் போதும். பூவை மட்டும் பார்க்காமல் இலையையும் பாருங்கள், கீழ் இலை தொங்கினால் அந்தக் கட்டை விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தச் சுத்தியல் விஷயம். இந்த யோசனை எங்கே பார்த்தாலும் சுற்றுகிறது, அதனாலேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாமந்தித் தண்டின் கீழ்ப்பகுதி கட்டை மாதிரி கெட்டியாகிவிடும், நசுக்கினால் தண்ணீர் நன்றாக ஏறும் என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கிற எண்ணம். தண்ணீர் ஏறுவது தண்டுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாக. நசுக்கினால் அந்தக் குழாய்களே சப்பையாகிப் போகும், பிய்ந்த நார் தண்ணீரில் ஊறிக் கிருமிக்குத் தீனியாகும், ஜாடி கலங்கி நாற்றமெடுக்கும். சாமந்திக்கு உண்மையான தொல்லை வேறு: வெட்டிய தண்டு காற்றில் காய்ந்து கிடக்கும்போது குழாய்க்குள் காற்று நுழைந்து அடைத்துக்கொள்ளும், வெட்டுக்காயத்தை மூடிக்கொள்ள செடியே செய்கிற முயற்சியும் அந்த அடைப்பைக் கூட்டும். இதற்கு வேண்டியது கூர்மையான கத்தி, அவ்வளவுதான். கெட்டியான அடிப்பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, முடிந்தால் தண்டின் முனையைத் தண்ணீருக்குள் முக்கி வைத்தபடியே இன்னும் 2, 3 சென்டிமீட்டர் வெட்டுங்கள். பிறகு ஆழமான தண்ணீரில், வெயில் படாத இடத்தில் சில மணி நேரம் நிற்க விட்டு அதற்கப்புறம் அலங்காரத்தில் கை வையுங்கள். வழியிலேயே வாடி வந்த பூவாக இருந்தால், மறுபடி வெட்டி, இலையோடு சேர்த்துக் காகிதத்தில் கழுத்துவரை சுற்றி இதேபோல நிற்க வையுங்கள். தலை தூக்கி நிற்கிற நிலையில் காகிதம் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஏறியதும் விறைத்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பொறுத்தவரை கோடையில் ஒரே விதிதான், தினமும் மாற்றுவது. தண்ணீருக்குள் முங்குகிற இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஜாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், வெறுமனே அலசினால் உள்பக்கம் வழவழவென்று ஒட்டியிருக்கும் படலம் போகாது. பூவோடு கொடுக்கிற சத்துப் பொடியில் இருப்பது மூன்று: சர்க்கரை, தண்ணீரைக் கொஞ்சம் புளிப்பாக்கும் அமிலம், கிருமியைத் தடுக்கும் மருந்து. அந்தப் பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்தால் நல்லது. வீட்டுச் சர்க்கரையை மட்டும் அள்ளிப் போட்டால் கிருமிதான் கொழுக்கும், சாமந்தியின் இலையும் சீக்கிரம் மஞ்சளாகும். பூ மேல் தண்ணீர் தெளிக்கிற பழக்கமும் இங்கே வேண்டாம். அடுக்கு நெருக்கமான சாமந்திக்குள் ஈரம் தங்கினால் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்து இதழ் பழுப்பாகும்.

ஃபோம் விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1954-ல் அமெரிக்காவில் ஓயாசிஸ் என்ற பெயரில் வந்த அந்தப் பச்சைக் கட்டி, ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த ஒரு பிளாஸ்டிக். மண்ணில் மக்காது, விரலால் அழுத்தினாலே பொடியாக உதிரும், அந்தப் பொடி கழுவுகிற தண்ணீரோடு வடிகாலுக்குப் போகும். அது நுண்பிளாஸ்டிக்காக உடைந்து நீர்வாழ் உயிர்களின் வயிற்றுக்குள் போவதை ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி தன் மலர்க் கண்காட்சிகளில் 2021-லிருந்து அதைத் தடை செய்துவிட்டது. உலகத்தின் பெரிய மலர்க் கண்காட்சிகளே அது இல்லாமல் நடக்கும்போது நம் வீட்டு மேஜைக்கு அது எதற்கு? அது போக, ஃபோமில் தண்ணீரை மாற்ற முடியாது, கோடையில் சாமந்திக்குத் தினமும் வேண்டியதே புதுத் தண்ணீர். அகலமான கிண்ணமாக இருந்தால், ஜப்பானிய மலர் அலங்காரத்தில் பயன்படுகிற கென்சான் என்ற முள்தட்டைப் போடுங்கள், கெட்டியான சாமந்தித் தண்டு அதில் ஆடாமல் நிற்கும். உயரமான ஜாடி என்றால் கம்பி வலையை உருண்டையாகச் சுருட்டி உள்ளே இறக்குங்கள். எதுவுமே இல்லையா, ஜாடி வாயில் மெல்லிய டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக் கட்டம் கட்டிவிட்டால் போதும்.

இனி நிறம். சாமந்தி கோடைக்கு ஒத்துவராது என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம், செம்பு நிறம், கருஞ்சிவப்பு, பழுப்பு கலந்த ஆரஞ்சு என்று இலையுதிர் கால நிறங்களையே திரும்பத் திரும்ப எடுப்பதுதான். அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எலுமிச்சை மஞ்சள், தூய வெள்ளை, பொத்தான் மாதிரி சின்ன உருண்டைப் பூவான பட்டன் ரகத்தில் வருகிற இளம்பச்சை, வெளிர் ரோஜா நிறம் ஆகிய நான்கில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் அறைக்கே வெளிச்சம் கூடின மாதிரி இருக்கும். வெள்ளையும் இளம்பச்சையும் மட்டும் வைத்துச் செய்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் கொஞ்சம் அமைதியாகிவிடும். குதூகலம் வேண்டும் என்றால் மஞ்சள் இல்லாமல் நடக்காது. மஞ்சள் எங்கே இருந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும், அதனால் ஜாடி முழுக்க நிரப்பாமல் மூன்று நான்கு இடத்தில் சிதறினாற்போல் வைத்தாலே அது வேலையைச் செய்துவிடும். வெயில் காலத்தில் வருகிற ரோஜா நிறச் சாமந்தி சில நேரம் வெளுத்துப் போயிருக்கும், அது பழைய பூ என்று நினைக்க வேண்டாம். ரோஜா நிறத்தைத் தருகிற ஆந்தோசயனின் என்ற நிறமி சூட்டில் சரியாகச் சேராது. மஞ்சளைத் தருவது கரோட்டினாய்டு, அது அவ்வளவு சுலபத்தில் வெளுக்காது. கோடையில் மஞ்சளை நம்பலாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மஞ்சளுக்கு எதிரே ஒரு நீலமோ ஊதாவோ வந்தால் இரண்டுமே பளிச்சென்று எடுக்கும். ஆனால் நீலச் சாமந்தி இயற்கையில் கிடையாது. 2017-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் நோடா தலைமையில், கேம்பனுலா என்ற மணிப்பூச் செடியின் மரபணுவையும் நம் சங்குப்பூவின் மரபணுவையும் சாமந்திக்குள் சேர்த்து உண்மையான நீலத்தைக் கொண்டுவந்தார்கள். சங்குப்பூவின் நீலம் சாமந்தியில் போய் உட்கார்ந்தது என்பது எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் சந்தோஷம் தருகிற செய்தி. அது ஆய்வகத்துப் பூ. விற்பனைக்கு வருகிற நீலச் சாமந்தி சாயம் ஏற்றியது, அதை வாங்காதீர்கள், சாயம் தண்ணீரில் இறங்கும், பக்கத்துப் பூவிலும் ஏறும். நீலத்தை வேறு பூவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டெல்ஃபினியத்தின் நீண்ட கதிர், அகபாந்தஸின் உருண்டைக் கொத்து, கார்ன்ஃபிளவரின் சின்ன நீலம், எது கிடைக்கிறதோ அதில் சில தண்டு போதும். இவற்றின் ஆயுள் சாமந்தியைவிடக் குறைவு என்பதால் இடையில் வாடுவதை மட்டும் உருவிவிட்டுப் புதிதாகச் செருகினால் முழு அலங்காரத்தையும் கலைக்க வேண்டியதில்லை. அந்தப் பூக்களுக்காகவே பழத்தட்டு பக்கத்தில் ஜாடியை வைக்காதீர்கள்.

அலங்கரிப்பதற்கு வருவோம். சாமந்தியின் பூத்தலை வட்டம், தட்டை. எல்லாவற்றையும் ஒரே உயரத்தில், எல்லா முகமும் முன்னால் பார்க்கிற மாதிரி வைத்தால் அலமாரியில் தட்டு அடுக்கின மாதிரி ஆகிவிடும். இந்தப் பூவின் மேல் உள்ள அலட்சியம் முக்கால்வாசி இப்படி வைப்பதால் வந்தது என்றே நினைக்கிறேன். ஒன்று முன்னால் பார்க்கட்டும், ஒன்று பக்கவாட்டில் திரும்பட்டும், ஒன்றின் முதுகுகூடத் தெரியட்டும். அளவும் கலக்க வேண்டும்: உள்ளங்கை அகலப் பெரிய பூ ஜாடி வாய்க்கு அருகில் தாழ, நடுத்தர ஸ்பிரே கொஞ்சம் மேலே, பட்டன் ரகம் அதற்கும் மேலே தனித்தனியாகத் துள்ளுகிற மாதிரி. பெரியதை உச்சியில் வைத்தால் தலை கனத்து எப்போது சாயுமோ என்று பார்ப்பவருக்கே பதற்றமாக இருக்கும். சிலந்திக்கால் மாதிரி இதழ் நீண்ட ஸ்பைடர் ரகம் ஒன்றிரண்டு கிடைத்தால் அவற்றைச் சுற்றி நிறைய வெற்றிடம் விடுங்கள், நெருக்கினால் அந்த இதழின் அழகு போய்விடும்.

உண்மையில் கோடை அலங்காரத்தில் இந்த வெற்றிடம்தான் உயிர். பூவுக்கும் பூவுக்கும் நடுவே காற்று போக வேண்டும், பின்னால் இருக்கிற சுவர் தெரிய வேண்டும். வாங்கி வந்த அத்தனையையும் ஒரே ஜாடியில் திணிப்பதில் இருக்கிற கேடு இரண்டு: பார்க்கப் புழுக்கமாக இருக்கும், நெருக்கத்தில் ஈரம் தேங்கி உள்பக்கப் பூ சீக்கிரம் அழுகும். ஜாடியின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு பூ உயரலாம் என்று ஒரு பொது விதி உண்டு. சாமந்தியில் நான் அதற்கும் கீழேதான் நிறுத்துவேன், தண்டு குட்டையானால் தண்ணீர் ஏற வேண்டிய தூரமும் குறையும். சாமந்தியின் சொந்த இலை கறுத்த பச்சை, அழகும் கம்மி. மேல் இலை இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடலாம். அந்த இடத்துக்கு யூகலிப்டஸ், சன்னமான புல் கதிர், பெரணி என்று மெல்லிய பச்சை ஏதாவது வரட்டும். காற்றில் லேசாக அசைகிற ஒன்று அதில் இருந்தால் மொத்த ஜாடிக்கும் கோடைத்தனம் வந்துவிடும்.

பூ குறைவாக இருந்தால்தான் எனக்கு இன்னும் பிடிக்கும். ஸ்பிரே ரகத்தின் ஒரு தண்டை எடுத்துப் பக்கக் கிளைகளைக் கணுவில் வெட்டிப் பிரித்தால் குட்டிக் குட்டித் தண்டுகளாகக் கிடைக்கும். வெவ்வேறு உயரத்தில் உள்ள சின்னக் கண்ணாடி பாட்டில்களை மேஜை நீளத்துக்கு நிறுத்தி ஒவ்வொன்றிலும் ஒன்று போடுங்கள். அல்லது அகலமான ஆழமில்லாத கிண்ணத்தில் முள்தட்டை ஓரமாக வைத்து, பெரிய வெள்ளைச் சாமந்தி மூன்றை மூன்று உயரத்தில் நிறுத்தி, அடியில் இளம்பச்சை பட்டன் சிலவற்றைச் செருகி, மீதிக் கிண்ணத்தில் வெறும் தண்ணீர் தெரிகிற மாதிரி விடுங்கள். தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதே வெயில் நேரத்தில் பாதிக் குளிர்ச்சி. உடைந்த தலைகளைக்கூட வீணாக்க வேண்டாம், தட்டையான அடி இருப்பதால் தண்ணீரில் அழகாக மிதக்கும். ஜாடியை ஜன்னல் வெயிலிலும் மின்விசிறிக்கு நேர் கீழேயும் வைக்காதீர்கள், ராத்திரியில் வீட்டிலேயே குளிர்ச்சியான மூலைக்கு நகர்த்திவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பூனை, நாய் வளர்ப்பவர்கள் சாமந்தியை அவற்றுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும், தின்றால் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. மனிதர்களிலும் சிலருக்கு இதன் சாறு தோலில் பட்டால் அரிக்கும், தினமும் கையாள்கிறவர்கள் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. சாமந்தி ஜாடி வைத்தால் கொசு வராது என்று உங்கள் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி வந்திருந்தது, அதையும் திருத்த வேண்டும். பூச்சிக்கொல்லியான பைரித்ரின் எடுப்பது சாமந்தியின் உறவான வேறொரு செடியின் பூவிலிருந்து, அதையும் காயவைத்துப் பிரித்தெடுத்துத்தான் பயன்படுத்துகிறார்கள். ஜாடியில் நிற்கிற சாமந்தி கொசுவை விரட்டாது. தண்ணீரை மாற்றாமல் விட்டால் கொசு அதிலேயே முட்டையிடும்.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். சுத்தியல், ஃபோம், கொசு ஆகிய மூன்று விஷயத்துக்கும் வரும் வார இணைப்பிலேயே ஒரு திருத்தம் போடுங்கள், கோடை முடிவதற்குள் வந்தால்தான் படிப்பவர்களுக்குப் பயன்படும். அடுத்த முறை பூ அலங்காரப் பக்கம் போடும்போது சாமந்தியை மட்டுமே வைத்துச் செய்த ஜாடிகளின் படங்களை வாசகர்களிடம் கேட்டு வாங்கி வெளியிட முடியுமா என்றும் பாருங்கள். என்னிடம் இருப்பதை நான் அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வார இணைப்பைத் தவறாமல் படிக்கும் வாசகி